ஐம்பத்தோராம் சேலை

2003 செப்டம்பர் 15. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு அந்தத் தேதியை விளக்க வேண்டியதில்லை, அண்ணா பிறந்த நாள். அந்த வருஷம் அதே நாளில் டெல்லியில் ஒரு சட்டம் ஓசைப்படாமல் நடைமுறைக்கு வந்தது. 1999 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டு, கிட்டத்தட்ட நாலு வருஷம் கிடப்பில் போட்டிருந்த புவிசார் குறியீட்டுச் சட்டம் அது. தேதி பொருந்தியது தற்செயல்தான். ஆனாலும் 1953இல் தேங்கிக் கிடந்த கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் விற்கப் போனவரின் ஊருக்கு அந்தச் சட்டம் சீக்கிரமே வந்து சேர்ந்தது என்பதால், தற்செயலையும் குறித்து வைக்கலாம்.

அந்தச் சட்டத்தை நெசவாளர் யாரும் கேட்கவில்லை. 1995இல் உலக வர்த்தக அமைப்பு தொடங்கியபோது அதன் அறிவுசார் சொத்து ஒப்பந்தத்துக்கு இந்தியாவும் கட்டுப்பட்டது. பிரான்ஸ் தன் ஷாம்பெய்னுக்கும் ஸ்காட்லாந்து தன் விஸ்கிக்கும் கேட்டு வாங்கிய பாதுகாப்பு அதில் எல்லா நாட்டுக்கும் பொதுவாக இருந்தது. கூடவே ஒரு கொக்கியும் இருந்தது: சொந்த நாட்டில் பாதுகாக்கப்படாத பெயரை இன்னொரு நாடு பாதுகாக்க வேண்டியதில்லை. இந்தக் கொக்கியின் கூர்மை 1997இல் புரிந்தது. அமெரிக்காவின் ரைஸ்டெக் நிறுவனம் பாஸ்மதி வகைகளுக்குக் காப்புரிமை வாங்கியது. நம் ஊரில் பட்டா இல்லாத நிலத்தை அயலூர்க்காரன் உழுகிறான் என்று அயலூர்க் கோர்ட்டில் போய் எப்படி முறையிடுவது? அவசர அவசரமாகச் சட்டம் எழுதப்பட்டது. இந்தியா முழுவதற்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னை கிண்டியில் திறந்தது. 2004-05இல் டார்ஜிலிங் தேயிலை முதலில் பதிவாயிற்று. மறு நிதியாண்டிலேயே, 2005-06இல், காஞ்சிபுரம் பட்டு.

மனு போட்டது தமிழக அரசின் கைத்தறித் துறை. இந்த மனு சுலபமான காகிதம் இல்லை. பொருளின் பெயரை எழுதினால் போதாது. அது எந்த ஊரில் எந்த எல்லைக்குள் நெய்யப்படுகிறது என்று வரைபடம் வைக்க வேண்டும், பழமைக்குச் சான்று காட்ட வேண்டும், செய்முறையை வரிவரியாக எழுத வேண்டும், தரத்தை யார் சோதிப்பார் என்றும் சொல்ல வேண்டும். காஞ்சியின் பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழியில் கையும் காலும் தன்போக்கில் செய்கிற வேலையை அலுவலக நடையில் எழுதிக் காட்டுவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

கோர்வையையே எடுத்துக்கொள்வோம். சேலையின் உடல் ஒரு நிறம், இரண்டு கரையும் வேறு நிறம். மூன்று நாடா ஓடும்: உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒவ்வொன்று. ஒரே ஆள் வீசி முடிக்க முடியாது, பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவர் ஒரு கரையின் நாடாவை வீச வேண்டும். உடலின் ஊடை (குறுக்கிழை) கரையின் ஊடையைத் தொடும் இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று கொக்கி போட்டுத் திரும்பும். அந்த இடம் பல்வரிசை மாதிரி தெரியும். பிறகு பிட்னி. முந்தானை வேறு நிறத்தில் வேண்டுமென்றால், பழைய பாவு (நெடுக்கு) இழைகளோடு புதிய பாவு இழைகளை ஒவ்வொன்றாகக் கையால் மாட்டிக் கொஞ்ச தூரம் சேர்த்து நெய்து, அப்புறம் பழையதை விலக்க வேண்டும். நல்ல சேலையின் பின்பக்கத்தைத் திருப்பினால் முந்தானை தொடங்கும் இடத்தில் லேசாகத் தடித்த ஒரு கோடு விரலுக்குத் தட்டுப்படும். கடையில் சேலை வாங்குகிற பாட்டிகள் முதலில் அங்கேதான் தடவிப் பார்ப்பார்கள். பதிவகத்துக்கு மனு எழுதிய அதிகாரிகள் பாட்டிகளின் விரல் நுனியில் இருந்ததைத்தான் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருந்தது.

பதிவானபின் கிடைத்தது என்ன? பெயர். காஞ்சிபுரம் பட்டு என்ற பெயரை அந்த எல்லைக்கு வெளியே, அந்த முறையில் இல்லாமல் நெய்த துணிக்குப் போட்டு விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இந்த உரிமையை யாரும் விற்க முடியாது, அடகு வைக்க முடியாது, வாடகைக்கும் விட முடியாது. 24ஆம் பிரிவு அதைக் கண்டிப்பாகத் தடுக்கிறது. பதிவேட்டில் இரண்டு பகுதி உண்டு. முதல் பகுதியில் பெயரும் அதன் பதிவுதாரரும், இரண்டாம் பகுதியில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்கள். உண்மையில் நெய்கிறவர் இந்த இரண்டாம் பகுதியில்தான் பெயர் கொடுக்க வேண்டும். 2020இல் அதற்கான கட்டணத்தைப் 10 ரூபாயாகக் குறைத்தார்கள்.

பெயருக்குக் காவல் வந்துவிட்டது, சரி. ஆனால் காஞ்சிபுரத்துக் காந்தி சாலையில் கடை கடையாக ஏறி இறங்குகிற மணப்பெண் பெயரைப் பார்த்தா சேலை எடுக்கிறாள்? பூவைப் பார்த்து எடுக்கிறாள். மயில் சக்கரம், ருத்ராட்சம், யாளி, மல்லிமொக்கு, தாழம்பூ ரேக்கு, வைரஊசி. இவை எல்லார் வீட்டுப் பெட்டியிலும் உண்டு. இவற்றுக்கு உரிமையாளர் கிடையாது, இருக்கவும் கூடாது. ஏகாம்பரநாதர் கோயில் தூணுக்கும் வரதராஜர் கோயில் மண்டபத்துக்கும் நெசவாளன் வாடகை கொடுத்தானா என்ன? அந்தப் பொதுச் சொத்தைப் பற்றி இங்கே பேச்சில்லை. போன மாதம் ஒருவர் உட்கார்ந்து புதிதாக வரைந்த ஒரு கரையைப் பற்றித்தான் பேச்சு.

அது உருவாகும் விதத்தைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். டிசைன் போடுகிறவர் முதலில் வெறும் தாளில் பென்சிலால் வரைகிறார். அப்புறம் கட்டம் போட்ட கிராஃப் தாளுக்கு மாற்றுகிறார். ஒரு கட்டம் என்பது பாவு இழையும் ஊடை இழையும் சந்திக்கிற ஒரு புள்ளி. மாங்காயின் வளைவு காகிதத்தில் வழுவழுப்பாக இருக்கும், கட்டத்தில் படிக்கட்டாகிவிடும். எந்தப் படியை எங்கே வைத்தால் கண்ணுக்கு மறுபடி வளைவாகத் தெரியும் என்பதில்தான் அவருடைய திறமை. முடித்த தாளைப் பார்த்து அட்டையில் துளை போடுகிறார்கள். ஒரு ஊடைக்கு ஒரு அட்டை. நூற்றுக்கணக்கான அட்டைகளைக் கயிற்றில் கோத்துத் தறிக்கு மேல் ஜக்கார்டு பெட்டியில் ஏற்றினால் பூ இறங்கி வரும். இப்போது பல இடங்களில் கிராஃப் தாளுக்குப் பதில் கம்ப்யூட்டர் திரை, அட்டைக்குப் பதில் பென் டிரைவ். அட்டைக் கட்டைத் திருட வேண்டுமானால் சுமந்துகொண்டு ஓட வேண்டும். பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். இதுகூட வேண்டாம், ஷோகேஸில் தொங்குகிற சேலையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தாலே கைதேர்ந்தவர் கட்டம் எழுதிவிடுவார். சில நாளில் அதே பூ வேறொரு ஊரின் விசைத்தறியில், பாலியெஸ்டர் இழையில், பத்தில் ஒரு பங்கு விலைக்கு இறங்கும்.

அந்த ஜக்கார்டு பெட்டி வந்த ஊரின் கதையைச் சொல்லாமல் இந்த டிசைன் திருட்டைப் பற்றிச் சொல்ல முடியாது. ஜோசப் மரி ஜக்கார்டு பிரான்ஸின் லியோன் நகரத்துக்காரர். லியோனும் பட்டு ஊர்தான். 1804இல் அவர் இயந்திரத்தை முழுமையாக்கினார். நெப்போலியன் அரசு அதைப் பொதுச்சொத்தாக்கி, ஈடாக அவருக்கு ஆயுள் ஓய்வூதியமும் விற்கிற ஒவ்வொரு தறிக்கும் ஒரு பங்கும் கொடுத்தது. ஆனால் லியோன்காரர்கள் அதற்கு வெகு முன்பே சண்டையைத் தொடங்கியிருந்தார்கள். நம்பி ஒப்படைத்த டிசைனைத் தொழிலாளி வேறு முதலாளிக்கு விற்கக் கூடாது என்று 1711இலேயே அந்த நகரத்தில் ஆணை போட்டாயிற்று. 1806 மார்ச்சில் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. புதுப் பூ வரைந்த முதலாளி மாதிரித் துணியை முத்திரையிட்ட உறையில் வைத்து லியோனின் தொழில் தகராறு மன்றத்தில் கொடுத்துவிட வேண்டும். ஒரு வருஷமா, மூன்றா, ஐந்தா, என்றைக்குமா என்று அவரே சொல்லலாம். நாளைக்கு வழக்கு வந்தால் உறையைப் பிரித்துப் பார்த்துக்கொள்வார்கள். உலகத்தின் டிசைன் சட்டத்துக்குப் பட்டுத் தறிதான் தொட்டில் என்று சொன்னால் மிகையில்லை.

இங்கிலாந்தின் கதை இன்னும் ருசியானது. அங்கே முதல் டிசைன் சட்டம் 1787இல், அச்சடித்த லினனுக்கும் பருத்திக்கும். பாதுகாப்பு இரண்டே மாதம்! சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் போன பூப்போட்ட துணிக்கு இங்கிலாந்துச் சீமாட்டிகள் மயங்கிக் கிடந்த காலத்தில், உள்ளூர் நெசவைக் காப்பாற்ற அந்தத் துணியையே அங்கே தடை செய்தார்கள். உள்ளூர் அச்சுக்காரர்கள் நம்முடைய பூக்களைப் பார்த்துப் பார்த்து அடித்துத் தொழில் பழகினார்கள். பழகி முடித்ததும், தங்கள் பூவை ஒருவர் பார்த்து இன்னொருவர் அடிக்கக் கூடாது என்று நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். இதைப் படிக்கும்போது சிரிப்பு வராமல் இருக்காது.

இந்தியாவுக்கு டிசைன் சட்டம் வெள்ளைக்காரர் பெட்டியில் வந்தது: 1872, 1888, 1911 என்று வரிசையாக. இப்போது இருப்பது 2000ஆம் ஆண்டுச் சட்டம். பதிவு செய்தால் பத்து வருஷம், நீட்டித்தால் இன்னும் ஐந்து. தனி ஆளுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். ஒரு நல்ல ஜரிகைச் சேலையின் விலைக்கு முன்னால் இது காசே இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை கழுத்தைப் பிடிக்கும். டிசைன் புதிதாக இருக்க வேண்டும், அதற்கு முன் எங்கேயும் வெளியாகியிருக்கக் கூடாது. சேலையைக் கடையில் தொங்கவிட்டு, நன்றாகப் போகிறதா பார்த்துவிட்டுப் பதிவு செய்யலாம் என்று நினைத்தால், தொங்கவிட்ட அன்றே புதுமை போய்விட்டது. லியோனில் துணி சந்தைக்குப் போகுமுன் உறை மன்றத்துக்குப் போனது. லியோனிடமிருந்து பெட்டியை வாங்கிய காஞ்சி அந்த வழக்கத்தை வாங்கவில்லை.

பதிவு செய்யாவிட்டால் என்ன, வரைந்தது ஓவியம்தானே, ஓவியத்துக்குப் பதிப்புரிமை தானாகவே வருமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியருக்கு ஆயுளும் அதற்குமேல் 60 வருஷமும் உரிமை உண்டு, பதிவே வேண்டாம். ஆனால் 15ஆம் பிரிவைப் படித்தால் முகம் வாடிவிடும். டிசைனாகப் பதியத் தகுந்த ஒன்றைப் பதியாமல் விட்டு, அதை ஒரு பொருளில் தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் ஆக்கிவிட்டால் பதிப்புரிமை அத்தோடு முடிந்தது. இந்த ஐம்பதும் பிரிட்டனின் பழைய விதிகளிலிருந்து வந்த எண்தான். இதில் உள்ள விநோதம்: உரிமைக்காரரோ அவர் அனுமதி பெற்றவரோ ஆக்கினதுதான் கணக்கு. திருடியவர் ஆயிரம் சேலை நெய்தாலும் கணக்கில் சேராது. சொந்தக்காரர் ஐம்பத்தொன்றாவதை அறுத்து மடித்த நிமிஷத்தில் அவர் உரிமை காலி.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2008இல் ஆடை வடிவமைப்பாளர் தருண் தஹிலியானியின் நிறுவனம் டெல்லி உயர்நீதிமன்றத்தில் ஜெயித்தது, அவர்கள் ஆடைகள் ஐம்பதைத் தாண்டவில்லை என்பதால். 2009இல் சோபா மெத்தைத் துணிக்குப் பூ வரைந்த மைக்ரோஃபைபர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் அதே நீதிமன்றத்தில் தோற்றது. 2016இல் ஆடை வடிவமைப்பாளர் ரிது குமாரின் ரித்திகா நிறுவனம், தன்னிடம் வேலை பார்த்தவர் வழியாக டிசைன்கள் பிபா என்ற ஆடை நிறுவனத்துக்குப் போனதாக வழக்குப் போட்டது. பதிவு இல்லை, ஐம்பது தாண்டியாயிற்று, எனவே உரிமை இல்லை என்று தீர்ப்பு. பெரிய வக்கீல்கள் வைத்துக்கொள்ள வசதியுள்ள கம்பெனிகளுக்கே இந்தக் கதி.

சினிமாவில் இப்போது இப்படி நடக்காது. அங்கேயும் ஒரு காலத்தில் நடந்தது. படத்துக்குப் பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும், கூலி வாங்கினபின் படத்தோடு போகிற அந்தப் பாட்டில் பாத்தியதை இல்லை, தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர்கள் விடவில்லை. சங்கம் வைத்தார்கள், வக்கீல் வைத்தார்கள், மாநிலங்களவை வரை போனார்கள். 2012 ஜூன் 21இல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ராயல்டியில் தன் பங்கைக் கவிஞரும் இசையமைப்பாளரும் எழுதிக் கொடுத்தாலும் செல்லாது; வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் கொடுக்கலாம். இன்று ஒரு படம் தொடங்கினால், கதை யாருடையது, எந்த மொழிக்கு, எத்தனை வருஷத்துக்கு, ஓடிடி சேர்த்தா சேர்க்காமலா என்று வக்கீல் எழுதிக் கையெழுத்து வாங்கின பிறகுதான் பூஜையே. பிரியதர்ஷன் எடுத்த ‘காஞ்சிவரம்’ படத்துக்கும் அதில் நெசவாளியாக நடித்த பிரகாஷ்ராஜுக்கும் தேசிய விருது கிடைத்தது. அந்தப் படத்தில் பங்கெடுத்தவர் பெயரெல்லாம் திரையில் ஓடும். அது பேசுகிற சேலையில் பூ வரைந்தவர் பெயர் எந்த முந்தானையிலும் இருந்ததில்லை.

இன்னொரு சேலை நினைவுக்கு வருகிறது. 2008இல் சென்னை சில்க்ஸ் வெளியிட்ட விவாஹ் பட்டு. ஏறத்தாழ 40 லட்ச ரூபாய் விலை. ராஜா ரவிவர்மாவின் ஓவியங்களை அப்படியே இழையில் இறக்கிய வேலை. அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை, ரவிவர்மா 1906இல் காலமாகிவிட்டார். உயிரோடு இருக்கிற ஓவியரின் படமாக இருந்தால் முதல் இழை ஓடுவதற்கு முன்பே ஒப்பந்தம் தேவைப்பட்டிருக்கும். காஞ்சித் தறிக்கு இனி இப்படிப்பட்ட வேலைகள் அதிகம் வரும். கல்யாணப் பெண் தன் படத்தையே முந்தானையில் கேட்கிற காலம்.

இங்கேதான் வக்கீல் தேவைப்படுகிறார், அதுவும் வழக்குப் போட அல்ல, ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க. ஏனென்றால் யார் சொந்தக்காரர் என்பதில் இரண்டு சட்டமும் இரண்டு திசையில் நிற்கின்றன. சம்பளத்துக்கு இல்லாமல் வெளியே இருந்து கிராஃப் போட்டுக் கொடுக்கிறவர், எழுத்தில் வேறு பேச்சு இல்லாவிட்டால், பதிப்புரிமைச் சட்டப்படி அந்த வரைபடத்துக்குச் சொந்தக்காரர். டிசைன் சட்டமோ, காசு கொடுத்து வரையச் சொன்னவரைச் சொந்தக்காரர் என்கிறது. அதாவது ஒரே மயிலுக்கு ஒரு பக்கம் வரைந்தவர், மறுபக்கம் முதலாளி. பதிப்புரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே வைத்துக்கொள்கிறது. இந்தச் சாதகமெல்லாம் தெரியாமல், வாய்ப்பேச்சில், டீக்கடை பெஞ்சில் டிசைன்கள் கைமாறுகின்றன. வக்கீலுக்குக் காசில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் தொழிலாளிக்கும் வருமானம் குறைந்தவர்க்கும் அங்கே இலவச உதவி. நிலத்தகராறுக்கும் ஜீவனாம்சத்துக்கும் அங்கே போகிற ஊர் டிசைன் ஒப்பந்தத்துக்குப் போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. என் கருத்தில், கூட்டுறவுச் சங்கங்கள் ஒவ்வொன்றும் பட்டு நூலுக்கும் ஜரிகைக்கும் கணக்கு வைப்பது போலப் புது டிசைனுக்கும் ஒரு பேரேடு வைத்து, யார் வரைந்தது, எந்தத் தேதி, எத்தனை தறி என்று எழுதினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

எத்தனை தறி என்பது சும்மா சொன்னதில்லை. பதிப்புரிமைச் சட்டம் சொல்கிற ‘தொழில்முறை’ என்பதில் கைத்தறி சேருமா என்பதே ஒரு வாதம். காலால் மிதித்துக் கையால் வீசுவது கைவேலை, தொழிற்சாலை இல்லை என்று நெசவாளியின் வக்கீல் சொல்லலாம். எதிர்த்தரப்பு டிசைன் சட்டத்தை நீட்டும். அங்கே கையால் செய்வது, இயந்திரத்தால் செய்வது, ரசாயனத்தால் செய்வது எல்லாம் ஒரே வரியில் இருக்கின்றன. 2025 ஏப்ரல் 15இல் எரிவாயு டிரெய்லர்களின் வரைபடம் பற்றிய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த 15ஆம் பிரிவுக்கு ஒரு சோதனை முறை வகுத்தது. வரைந்தது தூய கலைப்படைப்பா, பொருளில் ஏற்றப்பட்ட டிசைனா, அதன் முக்கியப் பயன் என்ன என்று வழக்குக்கு வழக்கு பார்க்கச் சொன்னது. கோர்வைச் சேலை எந்தப் பக்கம் விழும் என்று வாதாடப் போகிற முதல் வக்கீல் தறிக்குழிக்குள் ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. கணக்கும் அவருக்குத் தேவைப்படும். இரண்டு ஆள் உட்கார்ந்தால் ஒரு தறியில் மாதம் இரண்டு கோர்வைச் சேலை என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரே தறியில் ஐம்பத்தோராம் சேலை இறங்க இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். அதே அட்டையை முதலாளி பத்துத் தறிக்குக் கொடுத்தால் மூன்றாம் மாதமே இறங்கிவிடும்.